முப்பத்தெட்டு மில்லிமீட்டர் காற்று

சைக்கிள் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை இஞ்ச் வீலு?" என்பதுதான். இருபத்தாறா, இருபத்தேழரையா, இருபத்தொன்பதா என்று பதில் சொல்லக் கடைக்காரரும் தயாராக நிற்பார். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள சாலைகளில் சில ஆண்டுகள் சைக்கிளில் அலைந்த பிறகு, கேட்க வேண்டியது அதுவல்ல என்று எனக்குப் பட்டது. சக்கரத்தின் உயரம் ஓட்டுகிறவரின் உயரத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். முதுகுக்கும் உள்ளங்கைக்கும் உறவு டயரின் அகலத்தோடுதான், அதற்குள் அடைத்த காற்றின் அழுத்தத்தோடுதான். இதை ஒப்புக்கொள்ளாத நண்பர்கள் எனக்கு நிறைய. அவர்கள் சொல்வதிலும் பாதி நியாயம் இருப்பதால் வழக்கை முறையாகவே விசாரிக்கலாம்.

களத்தைச் சொல்லிவிட்டுத்தான் டயரைப் பற்றிப் பேச முடியும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். மலை எப்போதும் வலக்கைப் பக்கம். பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. தார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பௌர்ணமியன்றும் தீபத்தன்றும் சைக்கிளுக்கு அங்கே வேலையில்லை. லட்சக்கணக்கானவர் வெறுங்காலோடு நடக்கிற இடம். மற்ற நாட்களில் விடியற்காலை நாலரை மணிக்கு இறங்கினால், நடப்பவர்கள், நாய்கள், மாடுகள், வேகத்தடைகள் இவற்றுக்கு நடுவே மணிக்கு 12, 15 கிலோமீட்டர் வேகம்தான் மரியாதை.

இது சுலபமான பகுதி. டயரின் குணம் தெரிவது ஊரைவிட்டு வெளியேறும் சாலைகளில். செங்கம் போகும் சாலை, தண்டராம்பட்டு வழியாகச் சாத்தனூர் அணைக்குப் போகும் சுமார் 30 கிலோமீட்டர், கீழ்ப்பென்னாத்தூர் தாண்டிச் செஞ்சிக்குப் போகும் சாலை, போளூர் போய் ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூரை அடையும் மலைச்சாலை. இவற்றில் நல்ல தாரும் உண்டு, ஒட்டுப்போட்ட தாரும் உண்டு. திண்டிவனம் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையின் விரிவாக்க வேலை பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டு கிடந்தபோது அதில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு "குண்டும் குழியும்" என்ற தொடர் உவமையாகத் தோன்றியிருக்காது.

ஆனால் குழியைவிட முக்கியமான ஒன்று இந்தச் சாலைகளில் இருக்கிறது. அது தாரின் ஓரம். பழைய தாரின்மேல் புதுத் தார், அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கடுக்காகப் போட்டதில் சாலை உயர்ந்துவிட்டது. ஓரத்து மண் அப்படியே கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே நாலு விரற்கடை, சில இடங்களில் ஒரு சாண் பள்ளம். எதிரே ஒரு பஸ் இன்னொரு பஸ்ஸை முந்திக்கொண்டு உங்கள் பக்கத்துச் சாலையை முழுக்க அடைத்து வருகிறது. ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். அதற்கு அர்த்தம் "இறங்கு" என்பதே. ஒரு விநாடியில் அந்தப் பள்ளத்தில் சக்கரத்தை இறக்கி, சரளையிலும் மணலிலும் பத்து மீட்டர் உருண்டு, பிறகு மேலே ஏற வேண்டும். வெளிநாட்டுச் சைக்கிள் நூல்கள் சொகுசு என்றால் அதிர்வு குறைவது என்று எழுதுகின்றன. நம் ஊரில் சொகுசு என்பதில் இன்னொன்றும் அடக்கம்: தாரை விட்டு இறங்க அஞ்ச வேண்டாத நிம்மதி. 25 மில்லிமீட்டர் டயரில் போகிறவர் வெள்ளைக்கோட்டின்மேல் கழைக்கூத்தாடி மாதிரி போகிறார். 60 கிலோமீட்டர் அப்படிப் போனால் வலிப்பது இடுப்பு அல்ல, தோள்பட்டை. பயத்தில் இறுகியே கிடப்பதால்.

இனி எண்களுக்கு வருவோம். சைக்கிள் உலகில் இவ்வளவு குழப்படியான சமாசாரம் வேறில்லை. நம் அப்பாக்கள் ஓட்டிய கறுப்புச் சைக்கிளின் டயரில் 28 × 1½ என்று இருக்கும். சக்கரமும் டயருமாகச் சேர்ந்து வெளிவிட்டம் 28 அங்குலம். டயரின் பருமன் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 635. இரு பக்கமும் 38 கூட்டினால் 711. அதுதான் 28 அங்குலம். கணக்கு சுத்தம். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பக்கம் 700 மில்லிமீட்டர் வெளிவிட்டம் என்று ஒரு குடும்பத்தை வகுத்து, டயரின் பருமனுக்கு ஏ, பி, சி என்று எழுத்துக் கொடுத்தார்கள். ஏ ஒல்லி, சி பருமன். இன்று பந்தயச் சைக்கிள்களில் எல்லாம் இருக்கும் 700 சி ரிம்மின் விட்டம் 622. எழுநூறில் அதைக் கழித்தால் 78, பக்கத்துக்கு 39. அந்த ரிம் பிறந்ததே ஒன்றரை அங்குலப் பருமனுள்ள டயருக்காகத்தான். அதில் 23 மில்லிமீட்டர் டயரை மாட்டிவிட்டு "இதுதான் ரோடு சைக்கிளின் இலக்கணம்" என்று சொன்னது பிறகு வந்தவர்கள் செய்த வேலை. இலக்கணத்தைப் பேசுகிறவர்கள் மூல நூலையும் ஒரு முறை புரட்டியிருக்கலாம்.

மலைச் சைக்கிள்காரர்கள் "இருபத்தொன்பது" என்று கூவி விற்பதும் இதே 622 தான். "இருபத்தேழரை" என்பது 584. பிரெஞ்சுக்காரர்களின் 650 பி அதுவே. பழைய எழுத்தில் 26 × 1½ என்பதும் அதுவே. ஆனால் 26 × 1⅜ என்று எழுதியிருந்தால் 590. 26 × 1.95 என்று தசமத்தில் எழுதியிருந்தால் 559. மூன்றுக்கும் பெயர் "இருபத்தாறு". ஒன்று மற்றொன்றில் ஏறாது. 26 என்று கேட்டு வாங்கி வந்து, வெயிலில் உட்கார்ந்து டயர் லிவரோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, திருப்பிக் கொடுக்கப் போன கதை எனக்கும் உண்டு. டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 38-622 என்பதுபோல் கோடிட்டுப் பிரித்த இரண்டு எண்கள் இருக்கும். ஐ.எஸ்.ஓ. 5775 என்ற சர்வதேச விதிப்படி வருபவை: முதலாவது அகலம், இரண்டாவது ரிம் விட்டம். அவற்றை மட்டும் நம்புங்கள். அங்குலம் எல்லாம் கடைக்காரரின் கவிதை.

சக்கரத்தின் விட்டம் சொகுசைத் தீர்மானிக்கிறதா? பெரிய சக்கரம் குழியை எளிதாகத் தாண்டும் என்பதில் சந்தேகமில்லை. மாட்டுவண்டிக்காரருக்கே தெரிந்த சங்கதி. கேள்வி, எவ்வளவு எளிதாக என்பது. ஒரே 42 மில்லிமீட்டர் டயரை 622 ரிம்மிலும் 584 ரிம்மிலும் மாட்டினால் வெளிவிட்டம் முறையே 706, 668. ஆரம் 353, 334. இரண்டு சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கல்லில் இவை மோதும்போது மோதும் கோணம் பெரிய சக்கரத்துக்கு ஏறத்தாழ 19.4 பாகை, சின்னதற்கு 19.9 பாகை. வித்தியாசம் அரைப் பாகை. அரைப் பாகையை இடுப்பு உணர்கிறது என்று யாராவது சொன்னால், அவர் கைக்கு வந்த விலைப்பட்டியலை உணர்கிறார் என்றே நினைப்பேன். மடித்து வைக்கும் சைக்கிளின் 20 அங்குலச் சக்கரத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நிச்சயம் தெரியும். 584, 622, 635 ஆகிய மூன்றுக்கும் நடுவே இருப்பது சொகுசின் பிரச்சினை அல்ல.

அகலத்தின் கதை வேறு. 1880களின் கடைசியில் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கொடுத்தபோது கண்டுகொண்டது இதைத்தான்: வண்டியைத் தாங்குவது ரப்பர் அல்ல, காற்று. 25 மில்லிமீட்டர் டயரை விட்டு 38க்குப் போனால் உள்ளே அடங்கும் காற்று இரண்டே கால் மடங்குக்கும் சற்று அதிகமாகிறது, குறுக்குவெட்டுப் பரப்பு அகலத்தின் வர்க்கமாகக் கூடுவதால். காற்று அதிகம் என்பதால் குறைந்த அழுத்தத்திலேயே அதே எடையைத் தாங்கலாம். ரிம் தரையில் இடிக்காது.

எவ்வளவு அழுத்தம்? சைக்கிள் கியரின் வரலாற்றை எழுதிய அமெரிக்கப் பொறியாளர் ஃப்ராங்க் பெர்ட்டோ ஒரு எளிய அளவுகோல் கொடுத்தார். ஆள் ஏறி உட்கார்ந்ததும் டயர் தன் உயரத்தில் 15 சதவீதம் அமுங்க வேண்டும். 25 மில்லிமீட்டர் டயரில் அது நாலு மில்லிமீட்டருக்கும் குறைவு. 38இல் ஆறு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த இரண்டு மில்லிமீட்டர் கூடுதல் அமுக்கம்தான், கடைகளில் ஜெல் சீட் என்றும் ஷாக் அப்சார்பர் என்றும் பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கப்படுவதன் பெரும்பகுதி. இன்னொரு நுட்பமும் உண்டு. டயரின் துணி எவ்வளவு இறுகி நிற்கிறது என்பது அழுத்தத்தையும் அகலத்தையும் பெருக்கி வருவது. அதனால் ஒல்லி டயருக்கு அடிக்கும் அழுத்தத்தை அகல டயருக்கும் அடித்தால், அகல டயர் ஒல்லி டயரைவிடக் கல்லாக நிற்கும். "அகல டயர் போட்டுப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை" என்று சொல்கிறவர்கள் எல்லாம் இந்தப் பாவத்தைச் செய்தவர்களே. செய்ய வைப்பவர் காற்றடிக்கிறவர். கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்து, அமுங்கினால் "காத்து கம்மிண்ணே" என்பார். அவர் கையில் எல்லா டயரும் கருங்கல் ஆன பிறகுதான் திருப்தி வரும். அகல டயர் வாங்குகிறவர் கூடவே மீட்டர் வைத்த கைப்பம்பு ஒன்றும் வாங்கிவிட வேண்டும். டயரைவிட அது முக்கியம் என்றுகூடச் சொல்வேன்.

அக்கினித் தலத்தில் இன்னொரு கணக்கும் போட வேண்டியிருக்கிறது. சித்திரை மாதத்தில் விடியற்காலை 25 பாகையில் அடித்த காற்று, மதியத் தாரில் 45 பாகை ஆனால் அழுத்தம் ஏறும். 100 பி.எஸ்.ஐ. அடித்திருந்தால் ஏறத்தாழ 8 கூடும். 45 அடித்திருந்தால் 4 கூடும். ஏற்கெனவே முறுக்கேறி நிற்கும் ஒல்லி டயருக்கு வெயிலும் ஒரு குத்துவிடுகிறது.

ஒல்லி டயர்க் கட்சியின் வாதத்தைக் கேட்போம். சென்னையிலிருந்து திருவண்ணாமலை ஏறத்தாழ 190 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பி, திண்டிவனம் வரை நாலுவழிச் சாலையில் கூட்டமாகப் பறந்து, செஞ்சிக் கோட்டையைப் பார்த்தபடி வந்து, ராஜகோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் சைக்கிளில் இருப்பது 25 அல்லது 28. அவர்கள் சொல்வது: ஒல்லி டயர் இலேசு, காற்றைக் கிழிக்கும், மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் வேகமாகும். முதலாவது உண்மை. ஒரு டயருக்கு 200 கிராம் வரை மிச்சம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்கும் குறைவு. நின்று நின்று கிளம்பும்போது அது தெரியும். சீராக ஓடும்போது தெரியாது. இரண்டாவது, மணிக்கு 35, 40 கிலோமீட்டரில் உண்மை. 20இல் அதை அளக்கக் கருவி வேண்டும். மூன்றாவதுதான் விவகாரமானது.

அதிக அழுத்தம் என்றால் அதிக வேகம் என்ற நம்பிக்கை இரும்பு உருளைமேல் டயரைச் சுழற்றிச் செய்த சோதனைகளில் வளர்ந்தது. உருளை வழவழப்பானது, அதன்மேல் மனிதன் உட்கார்வதில்லை. சியாட்டில் நகரத்துச் சைக்கிள் இதழான பைசைக்கிள் குவார்ட்டர்லியின் ஆசிரியர் ஜான் ஹைனே நிஜச் சாலையில், நிஜ மனிதரை ஏற்றிச் சோதித்தார். நெடுஞ்சாலை ஓரங்களில் தூங்கும் ஓட்டுநரை எழுப்ப வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்களின் மேல்கூட ஓட்டிப் பார்த்தார். சொரசொரப்பான தரையில் டயர் கல்லாக நின்றால் சைக்கிளும் ஆளும் சேர்ந்து அதிர்கிறார்கள். அந்த அதிர்வை உடலின் சதை விழுங்கிச் சூடாக்குகிறது. அந்தச் சூடு மிதித்தவனின் உழைப்பிலிருந்து போனது. அகல டயர், குறைந்த அழுத்தம், மெல்லிய நெகிழ்வான துணி மூன்றும் சேர்ந்தால் வேகம் குறைவதில்லை என்பது அவர் முடிவு. தொழில்முறைப் பந்தய வீரர்களும் பையப்பைய அந்தப் பக்கமே நகர்ந்திருக்கிறார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் 23 போட்டவர்கள் இன்று 28, 30 போடுகிறார்கள்; பாரிஸ் - ரூபே பந்தயத்தின் கற்பாவு சாலைக்கு இன்னும் அகலமாக. ஆக, 23, 25 ஆகியவற்றின் வழக்கு அவர்கள் கோவிலிலேயே தள்ளுபடி ஆகிவிட்டது. 28க்கு இன்னும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது: நாலுவழிச் சாலையே வாழ்க்கை, உடல் எடை 60 கிலோவுக்குள், கூட்டத்தோடு 30இல் போக வேண்டும் என்பவருக்கு. அவர் கீழ்ப்பென்னாத்தூரில் சரளையில் இறங்க நேரும்போது நான் பொறுப்பல்ல.

அடுத்த தரப்பு, நம் கறுப்புச் சைக்கிள். அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் தொடங்கியதிலிருந்து ஹெர்குலிஸ் என்ற பெயர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு குடும்ப உறுப்பினரின் பெயர். பால் கேன் இரண்டு பக்கமும், புல்லுக்கட்டு பின்னால், குழந்தை முன்கம்பியில் என்று ஏற்றிக்கொண்டு வரப்பிலும் தாரிலும் ஒன்றுபோல் போன வண்டி. குரங்குப் பெடல் அடித்துக் கற்ற தலைமுறை அதை ஏளனம் செய்யாது. டயரின் அகலத்தில் அது எப்போதோ சரியான விடையை எழுதிவிட்டது: ஒன்றரை அங்குலம். பிறகு வந்த மோஸ்தர்கள் முக்கால் அங்குலத்துக்கு அருகே போய், சுற்றிவிட்டு, இப்போது அதே ஒன்றரைக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. திருவண்ணாமலைப் பால்காரர் இந்த நாற்பது ஆண்டு ஆராய்ச்சியில் நேரத்தை வீணாக்காமல் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் என் தீர்ப்பு அதற்குச் சாதகமாக இல்லை. அகலம் சரி, மற்றவை சரியில்லை. 635 ரிம்முக்குக் கிடைக்கும் டயர்கள் மூட்டை சுமப்பதற்காகச் செய்தவை. துணி தடித்தது, ரப்பர் தடித்தது; ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி எழவே சக்தியைத் தின்னும். மெல்லிய டயர் வேண்டும் என்று கேட்டால் அந்த விட்டத்தில் கடைக்காரரிடம் பதில் இல்லை. இரும்பு ரிம்மில் கம்பி பிரேக்கின் கட்டை மழையில் பிடிப்பதைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது. மலையைச் சுற்ற அது இன்றும் அருமையான வண்டி. ஸ்பிரிங் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, மலையைப் பார்த்தபடி, யாரையும் முந்தாமல். ரமணாசிரமம் பக்கத்து வாடகைக் கடையில் அதைப் பார்த்தால் எடுத்துக்கொள்ளுங்கள். செஞ்சிக்குப் போய்த் திரும்பும் 75 கிலோமீட்டருக்கு வேறு வண்டி வேண்டும்.

மூன்றாம் தரப்பு, 650 பி. ஹைனேயின் வாசகர்கள் சத்தியம் செய்வது 584 ரிம்மில் 42 அல்லது 48 மில்லிமீட்டர் டயருக்கு. ஒரு சாமர்த்தியம் அதில் உண்டு. 584இல் 48 போட்டால் வெளிவிட்டம் 680. 622இல் 28 போட்டால் 678. சக்கரத்தின் மொத்த உயரம் மாறாமல் காற்று மட்டும் மும்மடங்கு ஆகிவிடும். டிஸ்க் பிரேக்கும் அகல டயருக்கு இடமும் உள்ள சைக்கிளில் சக்கரத்தை மாற்றிப் போட்டால் போதும். சரளையில் இறங்குவது இதில் பயமே இல்லை, வேடிக்கை.

இந்த இடத்தில்தான் நான் ஹைனேயிடமிருந்து பிரிகிறேன். அவர் கூற்றில் மூன்று சொற்கள்: அகலம், குறைந்த அழுத்தம், நெகிழ்ச்சி. படிக்கிறவர்கள் முதல் இரண்டைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். அந்த நெகிழ்ச்சி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலையைக் கேட்டால் ஒரு டயருக்கு ஒரு கறுப்புச் சைக்கிளின் பாதியையாவது கொடுக்க வேண்டியிருக்கும். கொடுத்து வாங்கினாலும் நம் தரை அதை மதிக்காது. திருவண்ணாமலை மாவட்டத்து ஏரிக்கரைகளிலும் சாலையோரங்களிலும் சீமைக்கருவேலம் இருக்கிறது. விறகுக்காக வெட்டி இழுத்துப் போனால் பாதை முழுக்க முள். காய்ந்த கருவேல முள்ளுக்குப் பட்டுத் துணியும் பருத்தித் துணியும் ஒன்றுதான். மெல்லிய டயர் போட்டுக்கொண்டு தண்டராம்பட்டுச் சாலையில் மண்ணில் இறங்கிய ஒரு காலையில் ஒரே டியூபில் மூன்று ஒட்டுப் போட்டேன்; நாலாவதற்கு ரப்பர் துண்டு இல்லாமல் தள்ளிக்கொண்டு நடந்தேன். அகலம் கூடக்கூட முள்ளைத் தேடிப்போகும் பரப்பும் கூடுகிறது என்பது 48 மில்லிமீட்டர்க்காரர்கள் சொல்லாமல் விடும் உண்மை. சரி, ஊரில் கிடைக்கும் 27.5 டயரையே போடலாம் என்றால், அவை பெரும்பாலும் மலைச் சைக்கிளின் முரட்டுப் பற்கள் வைத்தவை. தாரில் அவை வண்டுபோல் ரீங்கரிக்கும். ரீங்காரத்துக்கான சக்தியை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

ஆகவே என் தேர்வு 622 ரிம்மில் 38 மில்லிமீட்டர், கிடைக்காவிட்டால் 35. பற்கள் இல்லாத வழவழப்பான மேற்பரப்பு அல்லது மெல்லிய கோடுகள், நடுவில் முள் தடுக்கும் ஒரு மெல்லிய பட்டை, 450லிருந்து 550 கிராமுக்குள் எடை. காரணம் ஒவ்வொன்றாக: எடை கொஞ்சம் கூடினாலும் 20 கிலோமீட்டர் வேகத்தில் இழப்பு சொற்பம். காற்று போதுமான அளவு. ஹைபிரிட் சைக்கிள்கள் சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டதால் 700 × 35 டயரும் டியூபும் மாவட்டத் தலைநகரக் கடையில் கேட்டு வாங்கக்கூடிய பொருள். ஊருக்கு நூறு கிலோமீட்டர் தள்ளி டயர் கிழிந்தால், உலகின் மிகச் சிறந்த டயர் என்பது அடுத்த ஊர்க் கடையில் தொங்குகிற டயர்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே 42ஐயும் 48ஐயும், மனம் அந்தப் பக்கம் சாய்ந்தாலும், இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். கடைகளில் பல் இல்லாத 27.5 டயர் தாராளமாக வரும் நாளில் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளத் தயங்க மாட்டேன்.

அழுத்தம்: ஆள் 70 கிலோ என்றால் 38 மில்லிமீட்டர் டயருக்குப் பின்னால் 48, முன்னால் 40 பி.எஸ்.ஐ. என்று தொடங்கிப் பாருங்கள். வேகத்தடையில் ரிம் இடித்தால் இரண்டு கூட்டுங்கள். இடிக்கவே இல்லையென்றால் இரண்டு குறையுங்கள். முன் சக்கரம் குறைந்த பாரத்தைச் சுமக்கிறது. கைகள் இருப்பதும் அங்கேதான். இரண்டுக்கும் ஒரே அளவு அடிப்பது சோம்பேறித்தனம்.

வால்வு பற்றி ஒரு வார்த்தை. கறுப்புச் சைக்கிளின் வால்டியூப் வைத்த பழைய வால்வு நம்மவர்க்குப் பழக்கம். மோட்டார் சைக்கிளில் இருப்பது இன்னொன்று. பந்தயச் சைக்கிளின் ஒல்லிக் கழுத்து பிரெஸ்டா மூன்றாவது. ரிம்மில் துளை பெரியதாக இருந்தால் மோட்டார் சைக்கிள் வால்வையே போடுங்கள். செங்கத்திலும் போளூரிலும் எந்தப் பஞ்சர் கடைக் குழாயும் அதில் நேராக உட்காரும். பிரெஸ்டாவோடுதான் வாழ்க்கை என்றால், கட்டைவிரல் நகம் அளவு பித்தளை அடாப்டர் ஒன்றைச் சட்டைப் பையில் வையுங்கள். அது இல்லாமல் போய், காற்றடிக்கும் தம்பி அந்த வால்வைச் சுழற்றி உடைத்துவிட்டு "இது என்ன சார் மாடலு?" என்று கேட்டால் பதில் சொல்லச் சிரமம்.

இந்தத் தீர்ப்புக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, சின்னதல்ல. நம் ஊரில் ஐந்தடி, ஐந்தடி இரண்டங்குலம் உள்ளவர்கள் ஏராளம், பெண்களில் பெரும்பான்மை. அவர்களுக்கேற்ற சின்னச் சட்டத்தில் 622 சக்கரத்தையும் 38 மில்லிமீட்டர் டயரையும் அதன்மேல் மட்கார்டையும் திணித்தால், ஹேண்டிலைத் திருப்பும்போது செருப்பின் நுனி முன் டயரில் இடிக்கும். வேகமாகப் போகையில் ஹேண்டிலை அவ்வளவு திருப்புவதில்லை, தெரியாது. நடப்பவர்களுக்கு நடுவே மெதுவாக வளைந்து வளைந்து போகும் கிரிவலப் பாதையில்தான் இடிக்கும், விழவைக்கும். அதைத் தவிர்க்கச் சட்டத்தை நீட்டினால் ஹேண்டில் எட்டாது. குனிந்து குனிந்து கழுத்து வலிக்கும். "பெண்களுக்கு ஏற்ற சைக்கிள்" என்று நிறத்தை மட்டும் மாற்றி விற்பவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. ஐந்தடி மூன்றங்குலத்துக்குக் குறைந்தவர்கள் தயங்காமல் 584க்குப் போகலாம். 42 மில்லிமீட்டர் டயர், 36க்கும் 42க்கும் நடுவே அழுத்தம். கடையில் டயர் கிடைப்பது சிரமம் என்று மேலே சொன்ன குறை அவர்களுக்கும் பொருந்தும்; உதிரி டயர் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வதே வழி. விழுவதைவிட அது மலிவு.

கடைக்குப் போகும்போது பாக்கெட்டில் ஒரு சாதாரணப் பென்சில் எடுத்துப் போங்கள். அதன் தடிமன் ஏழு மில்லிமீட்டர். சைக்கிளில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே, இரண்டு பக்கமும், மேலேயும் அது நுழைகிறதா என்று பாருங்கள். பின்னால் செயின் பக்கத்துக் குழாயிலும் பாருங்கள். பெரும்பாலும் இடம் போதாமல் போவது அங்கேதான். 28 மில்லிமீட்டர் டயர் மாட்டிய சைக்கிளில் பென்சில் தடுக்கினால், அதில் 38 எந்நாளும் ஏறாது. விற்பவர் எத்தனை இஞ்ச் என்று சொன்னாலும் அந்தச் சைக்கிளை வைத்துவிட்டு வாருங்கள்.